ஃபாக் விரிவுரை அரங்கு: பேச்சு புரியாத ஒரு வகுப்பறையின் நிகழ்வு ஆய்வு

கட்டட ஒலியியல் என்ற துறை இசை அரங்குகளில் பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வகுப்பறைக் குறையிலிருந்து கிளம்பியது. அந்தக் குறை என்ன, எப்படிக் கண்டுபிடித்தார்கள், சரிசெய்தது எந்த அளவுக்குப் பலித்தது என்பதைப் பார்த்தால், இன்று கட்டப்படும் கல்விக்கூடங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறும் பிடிபடும்.

அறையும் குறையும்

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை நிற்கும் பீடமும் அவர் வடிவமைத்ததுதான். ஆகவே அனுபவமில்லாதவர் செய்த பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு விரிவுரை அரங்கு இருந்தது. 436 இருக்கைகள், சுமார் 2,740 கன மீட்டர் கொள்ளளவு. பார்ப்பதற்கு நன்றாகவே இருந்திருக்கும். பாடம் நடத்த ஆரம்பித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

சாதாரணக் குரலில் சொன்ன ஒரு சொல், சொன்னவர் நிறுத்திய பிறகும் ஏறத்தாழ 5.5 விநாடிக்கு அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நிதானமாகப் பேசுகிறவரும் அந்த நேரத்துக்குள் அடுத்த 12, 15 அசைகளைச் சொல்லி முடித்திருப்பார். முதல் அசை அடங்குவதற்குள் பதினைந்தாவது அசை வந்து அதன் மேல் விழுகிறது. பேசுகிறவருக்கு அருகில் உட்கார்ந்தவர்கள் மெனக்கெட்டுக் கவனித்தால் ஓரளவு பிடித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் அப்படிக் கேட்டால் தலை கனத்துவிடும். தள்ளி உட்கார்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அரங்கைக் கைவிடும் நிலை வந்தது.

இதை எதிரொலி என்று சொல்வது சரியாகாது. எதிரொலி என்றால் சொன்ன சொல் தனியாகத் திரும்பி வரும், எண்ணிவிடலாம். இங்கே நடந்தது எதிர்முழக்கம். சுவர், கூரை, தரை என்று நூற்றுக்கணக்கான முறை மோதித் திரும்பிய ஒலி ஒன்றாகக் குழைந்து, மெல்ல மெல்ல மட்டும் தேய்கிறது. பேச்சில் உயிரொலிகளுக்கு வலு அதிகம், நீளமும் அதிகம். மெய்யொலிகள் சன்னமானவை, நொடிப்பொழுதில் முடிந்துவிடுபவை. முந்தைய உயிரொலியின் வால் அடுத்து வரும் மெய்யொலியை மூடிவிட்டால் படம், பணம், பழம், பயம், பலம் எல்லாம் காதுக்கு ஒன்றுபோலவே படும். பொருள் தெரிந்தவர் சந்தர்ப்பத்தை வைத்து ஊகித்துக்கொள்வார். புதிதாகக் கற்கிறவருக்கு ஊகிக்க அடிப்படையே கிடையாது, அதைக் கற்கத்தானே வந்திருக்கிறார்! கல்விக்கூடத்தின் ஒலி மற்ற இடங்களின் ஒலியைவிடக் கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, இந்த அரங்கை எந்த நம்பிக்கையில் இப்படிக் கட்டினார்கள்? பக்கத்திலேயே சாண்டர்ஸ் அரங்கம் இருந்தது. ஏறத்தாழ 1,500 பேர் அமரும் பெரிய அரங்கம், பேச்சுக்கு நல்ல அரங்கம் என்று பெயர் வாங்கியது. அதன் வடிவத்தைத்தான் சிறிதாக்கி ஃபாக் அரங்கில் கொண்டுவந்தார்கள். வடிவம் வந்தது, பொருள் வரவில்லை. சாண்டர்ஸின் உட்புறம் பெரும்பாலும் மரப்பலகை. ஃபாக் அரங்கின் உட்புறம் சுடுமண் கட்டிகளின் மேல் சாந்துப் பூச்சு. மெல்லிய பலகை ஒலிபட்டால் கொஞ்சம் அதிர்ந்து ஒலியாற்றலைத் தின்றுவிடும். கட்டிமேல் பூசிய சாந்து அசையாது, வந்ததில் ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். வரைபடத்தில் இரண்டு அறையும் அண்ணன் தம்பி மாதிரி, காதுக்கு அந்நியர்கள்.

பொறுப்பு யாரிடம் போனது

பல்கலைக்கழகத் தலைவர் சார்ல்ஸ் எலியட், இயற்பியல் துறையின் இளம் ஆசிரியர் வாலஸ் கிளெமென்ட் சபைனிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார். சபைனுக்கு அப்போது 27 வயது. ஒலியியலில் பெயர் பெற்றவர் ஒன்றும் இல்லை.

பேச்சு தெளிவாகக் கேட்காத அரங்குகளுக்கு அன்று வழக்கமான ஒரு மருந்து உண்டு: தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைக் கட்டுவது. பல தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் கட்டியும் இருந்தார்கள். மெல்லிய கம்பி காற்றில் போகும் ஒலியை எதுவும் செய்யாது. இதனால் பயனில்லை என்று சபைன் பிறகு தெளிவாகவே எழுதினார். அந்தக் கம்பிகளை நினைத்துச் சிரிக்கலாம்தான். ஆனால் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் அறை ஒலி புகாததாகிவிடும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்களே.

சபைன் செய்த முதல் நல்ல காரியம், மருந்தைத் தேடுவதற்கு முன்பு எதை அளப்பது என்று கேட்டது. அறை நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்பவை அபிப்பிராயங்கள். ஒலி நின்ற பிறகு எத்தனை விநாடி கேட்கிறது என்பது எண். அந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

மெத்தை சோதனை

கருவிகள் எளிமையானவை. விநாடிக்கு 512 அதிர்வு கொண்ட ஓர் ஆர்கன் குழல், அதற்குச் சீராகக் காற்று தரும் தொட்டி, நேரத்தைப் பதியும் கருவி, அப்புறம் சபைனின் காது. குழலை நிறுத்தியதும் நேரம் ஓடத் தொடங்கும். காதுக்கு ஒலி மறையும் கணத்தில் பொத்தானை அழுத்துவார். தெருச் சத்தம் அடங்க வேண்டும் என்பதால் நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை.

காலி அறையில் கிடைத்த அளவு சுமார் 5.6 விநாடி. பிறகு சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தார்கள். 8.2 மீட்டர் நீள மெத்தை வந்ததும் 5.33 விநாடி. 17 மீட்டர் ஆனதும் 4.94. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கூட்டி அளந்தார்கள். 436 இருக்கைகளும் மூடப்பட்டபோது 2.03 விநாடி. அதற்கு மேலும் மெத்தைகள் மிச்சம் இருந்தன. நடைபாதையிலும் மேடையிலும் விரித்தார்கள், சாரம் கட்டிப் பின்சுவரில் கூரைவரை தொங்கவிட்டார்கள். பெரிய அரங்கத்தின் மெத்தைகள் அத்தனையும் இந்தச் சிறிய அறைக்குள் வந்து சேர்ந்தபோது 1.14 விநாடி. விடிந்தால் அவரவர் மெத்தையைக் காணோம் என்று தேடிவிடக் கூடாதே என்ற கவலையும் கூடவே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சோதனையின் நுணுக்கம் எந்த அளவுக்கு என்றால், அளப்பவர் போட்டிருக்கும் உடையே முடிவை மாற்றியது. தடித்த கோட்டு ஒரு நாள், மெல்லிய சட்டை ஒரு நாள் என்றால் அளவுகள் ஒத்துப்போகாது. அதன் பிறகு சபைன் ஒரே உடையில்தான் சோதனைக்குப் போனார். ஓர் ஆளின் துணிமணியே அத்தனை பெரிய அறையில் தெரிகிறது என்றால், ஆட்கள் வந்து நிரம்பும்போது அறை வேறு அறையாகிவிடும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

வளைகோட்டின் கணக்கு

அளவுகள் குவிந்தன, சூத்திரம் வரவில்லை. எலியட் 1897-இல் பொறுமை இழந்தார். இதுவரை தெரிந்ததை வைத்து ஃபாக் அரங்குக்கு மருந்து சொல்லிவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். அதற்கடுத்த ஆண்டு அக்டோபரில்தான் சபைனுக்கு விஷயம் பிடிபட்டது. மெத்தையின் அளவையும் ஒலி நிற்கும் நேரத்தையும் வரைந்தால் வரும் வளைவு ஓர் அதிபரவளையம். அதாவது அறையின் மொத்த உறிஞ்சும் திறனையும் நேரத்தையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வருகிறது, அந்த எண் அறையின் கொள்ளளவைப் பொறுத்தது.

இன்று மெட்ரிக் அளவில் எழுதுவது இப்படி: எதிர்முழக்க நேரம் என்பது 0.161-ஐக் கொள்ளளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வருவது. உறிஞ்சும் பரப்புக்குச் சபைன் தேர்ந்தெடுத்த அலகு அருமையானது: திறந்த சன்னல். சன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது, ஆகவே அது முழு உறிஞ்சல். ஒரு பொருள் எத்தனை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் என்று சொன்னால் போதும்.

ஃபாக் அரங்கின் எண்களை இன்றைய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். காலி அறை முழுவதும் சேர்ந்து வெறும் 79 சதுர மீட்டர் சன்னலுக்குத்தான் சமம். அத்தனை பெரிய அறை, அத்தனை சுவர், எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான். நேரத்தை 2.8 விநாடிக்குப் பாதியாக்க இன்னொரு 79 வேண்டும். அதையும் பாதியாக்கி 1.4-க்கு வர மேலும் 158 வேண்டும். முதல் கொஞ்சம் மெத்தை பெரிய மாற்றம் தரும், பிறகு ஒவ்வொரு விநாடிப் பின்னத்துக்கும் அதிக விலை கொடுக்க வேண்டும். இருக்கைகளை மூடியதிலேயே பெரும்பங்கு குறைந்து, மிச்ச மெத்தைகள் அனைத்தும் சேர்ந்து ஒரு விநாடிகூடக் குறைக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

ஓர் ஆளை ஏறத்தாழ அரை சதுர மீட்டர் சன்னலாகச் சபைன் அளந்திருந்தார். அப்படியானால் 436 பேர் நிரம்பிய ஃபாக் அரங்கின் நேரம் கணக்குப்படி 1.5 விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 50 பேர் மட்டும் வந்தால் 4 விநாடிக்கு மேல்! திறப்பு விழாவில் கூட்டம் நிரம்பியிருக்கும், எல்லோரும் கேட்டுப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அன்றாட வகுப்பு பத்தில் ஒரு பங்கு இருக்கையோடு நடக்கும். விழா நாளில் கேட்டதை வைத்து அறைக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

சிகிச்சையும் அதன் எல்லையும்

1898-இல் அரங்குக்குள் ஃபெல்ட் என்ற, இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி பொருத்தப்பட்டது. அறை பயன்பாட்டுக்கு வந்தது. சபைனே தந்த தீர்ப்பு அடக்கமானது: சிறப்பானது என்று சொல்ல முடியாது, ஆனால் முழுமையாகப் பயன்படுத்தத்தக்கது. தான் கண்டுபிடித்த சூத்திரத்தின் முதல் நோயாளியைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேர்மையாக எழுதுவது அபூர்வம்.

ஏன் சிறப்பாகவில்லை? ஃபெல்ட் ஒலியின் வலுவைக் குறைக்கும், போகும் திசையை மாற்றாது. வளைந்த சுவர் ஒலியை ஓரிடத்தில் குவிப்பது, தூரத்துச் சுவரிலிருந்து தாமதமாகத் திரும்புவது போன்ற குறைகள் வடிவத்தோடு ஒட்டியவை. இன்னொன்று, மென்மையான பொருள்கள் உயர் அதிர்வெண்களை நன்றாக விழுங்கும், தாழ் அதிர்வெண்களை அவ்வளவாகத் தொடாது. மெல்லிய துணியும் கம்பளமும் மட்டும் போட்டு அடக்கிய அறையில் மெய்யொலியின் கூர்மை மழுங்கி, அடித்தொனி மட்டும் உருண்டுகொண்டிருக்கும். சபைன் முதலில் 512 அதிர்வில் மட்டுமே அளந்தவர், பிறகு 64 முதல் 4,096 வரை விரித்துக்கொண்டார். அந்த விரிவு இல்லாமல் சூத்திரம் பாதி உண்மைதான்.

எலியட்டின் சிபாரிசில் அடுத்து வந்தது பாஸ்டன் சிம்ஃபனி அரங்கம். இந்த முறை கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டார்கள். 1900-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் இன்றும் உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஃபாக் அரங்கு இருந்த கட்டடம் 1973-இல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மாணவர் விடுதி எழுந்தது. துறையின் பெருமை முழுவதும் இசை அரங்குக்குப் போய்விட்டது. வகுப்பறை பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். பல கோடி செலவில் கச்சேரி அரங்கம் கட்டும்போது ஒலியியல் நிபுணர் இல்லாமல் யாரும் தொடங்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் கட்டும்போது அப்படி ஒருவர் உண்டா என்று கேட்பதே அதிசயமாக இருக்கிறது.

சூத்திரத்துக்கு வெளியே இருப்பது: இரைச்சல்

ஃபாக் அரங்கில் சபைன் நள்ளிரவில் அளந்தார். வகுப்புகள் பகலில் நடக்கும். இரைச்சல் என்ற இரண்டாவது எதிரி அவருடைய கணக்கில் இல்லை. அதைக் காட்டிய நிகழ்வு நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 98-ஆம் எண் பொதுப்பள்ளியில் நடந்தது. பள்ளிக்குப் பக்கத்திலேயே உயர்த்திக் கட்டிய ரயில்பாதை. ஒரு பக்கத்து வகுப்பறைகள் பாதையை நோக்கியவை, மறுபக்கத்தவை அமைதியானவை. அர்லீன் பிரான்சாஃப்ட்டும் டென்னிஸ் மெக்கார்த்தியும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டு 1975-இல் வெளியிட்டார்கள். ரயில் பக்கத்துப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு.

ஒரே பள்ளி, ஒரே பாடத்திட்டம், வேறுபட்டது சன்னல் பார்க்கும் திசை. அதனால்தான் இந்த ஆய்வுக்கு அத்தனை மதிப்பு. ரயில் நிர்வாகம் தண்டவாளத்தின் கீழ் ரப்பர் பட்டைகளை வைத்தது, மிக இரைச்சலான வகுப்பறைகளுக்கு ஒலி உறிஞ்சும் கூரை போடப்பட்டது. 1981-இல் பிரான்சாஃப்ட் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. இதில் எது எவ்வளவு உதவியது, ரப்பரா கூரையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, இரண்டும் சேர்ந்தே நடந்தன. ஒன்றை மட்டும் செய்துவிட்டு இதே பலனை எதிர்பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரைச்சல் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் விவரித்த விளைவு இது. எதிர்முழக்கம் அதிகமான வகுப்பில் நான்கு குழுக்கள் பேசினால் ஒவ்வொன்றும் மற்றதை மீறப் பார்க்கும். ஆசிரியர் எல்லோரையும் மீற வேண்டும். நாள் முடியும்போது தொண்டை போயிருக்கும். உறிஞ்சும் பரப்பை இரட்டிப்பாக்கினால் கணக்குப்படி அறையின் ஒலி அளவு 3 டெசிபல்தான் குறைய வேண்டும். நடப்பில் அதைவிட அதிகமாகக் குறைவதைப் பார்க்கலாம், ஏனென்றால் பிள்ளைகளே மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஒரு சாதாரண வகுப்பறைக்கு இதைப் போட்டுப் பார்த்தால்

உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வகுப்பறைக்கு 0.6 விநாடி எதிர்முழக்க நேரத்தையும் 35 டெசிபல் பின்னணி இரைச்சலையும் சொல்கிறது. அமெரிக்காவின் 2002 தரநிர்ணயமும் 283 கன மீட்டருக்குட்பட்ட வகுப்பறைக்கு இதே எண்களைத்தான் உச்சமாக வைத்தது. அது ஆளில்லாத, ஆனால் மேசை நாற்காலி போட்ட அறைக்கான அளவு. ஃபாக் அரங்கின் திறப்பு விழாத் தவறுக்கு இடம் கொடுக்காத நிபந்தனை.

200 கன மீட்டர் வகுப்பறை, 3 மீட்டர் உயரம், சுமார் 67 சதுர மீட்டர் தரை என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட் பூச்சுச் சுவர், ஓடு பதித்த தரை, கான்கிரீட் கூரை. அளந்தால் 1.2 விநாடி வருகிறது என்றால் அறையின் உறிஞ்சும் பரப்பு 27 சதுர மீட்டர்கூட இல்லை. 0.6-க்குக் கொண்டுவர இன்னொரு 27 வேண்டும். தன் மேல் படும் ஒலியில் பத்தில் எட்டுப் பங்கை உறிஞ்சும் பலகை கிடைத்தால் 34 சதுர மீட்டர் போதும், அதாவது கூரையில் பாதி.

எந்தப் பாதி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முழுக் கூரையையும் மூடுவதோ, நடுவில் ஒட்டுவதோ தவறு. பேசிய ஒலிக்குப் பின் சுமார் 50 மில்லிவிநாடிக்குள் மோதித் திரும்பி வரும் ஒலியைக் காது பேச்சோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளும், அது குரலுக்கு வலு சேர்க்கும். கூரையின் நடுப்பகுதி அந்த உதவியைத்தான் செய்கிறது, ஆசிரியர் குரலைப் பின்வரிசைக்குக் கொண்டுபோகிறது. அதைக் கடினமாகவே விட்டுவிட்டுப் பலகைகளைக் கூரையின் ஓரங்களிலும் பின்சுவரின் மேற்பகுதியிலும் போட வேண்டும். எல்லாம் உறிஞ்சப்பட்ட அறையில் எதிர்முழக்கம் இருக்காது, குரலும் போய்ச் சேராது.

கட்டி முடித்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. நுண்துளைப் பலகை வேலை செய்வது அந்தத் துளைகளால். சில ஆண்டுகள் கழித்து அழுக்காகிவிட்டதே என்று சாதாரணப் பெயிண்டை இரண்டு கோட் அடித்தால் துளைகள் அடைபட்டு, பலகை மறுபடி சாந்துச் சுவர்போல் ஆகிவிடும். கண்ணுக்குப் புதிதாகத் தெரியும், யாருக்கும் சந்தேகமும் வராது. பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எந்தப் பரப்பில் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று எழுதி, வரைபடத்தில் அந்தப் பகுதியைக் குறித்துக் கொடுத்துவிடுவது நல்லது.